மலையில் விளைந்ததை மலையிலேயே உண்ண

ஜவ்வாது மலைக்குச் செல்லும் பிரயாணி, அம்மலையில் விளைந்த ஆகாரத்தையே அங்கு தங்கும் நாட்களில் உண்ண வேண்டுமென்று விரும்புவாராயின், அந்த ஆகாரம் எந்த ஓட்டல் பலகையிலும் எழுதப்பட்டிருப்பதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். போளூரிலிருந்து ஏறினாலும், செங்கத்திலிருந்து பரமனந்தல் வழியாக வந்தாலும், வாணியம்பாடியை விட்டு ஆலங்காயம், காவலூர் மார்க்கமாக வந்தாலும், ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில் அவர் இலையில் எளிதாக விழுபவை, சமவெளியின் எந்தப் பேருந்து நிலையத்திலும் கிடைக்கக்கூடிய இட்லியும் பரோட்டாவும் பொன்னி அரிசிச் சோறுமே. அந்தச் சோற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை; போளூரை அடுத்த களம்பூர், அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர்; அங்கிருந்து வரும் அரிசி நல்ல அரிசியே. ஆனால் அது மலையின் விளைச்சல் அன்று. மலையின் விளைச்சலாகிய சாமையும் கேழ்வரகும் கொள்ளும் மொச்சையும் வீடுகளின் அடுக்களையில் இருக்கின்றன. புளி திண்ணையில் காய்கிறது. பலா மரத்திலேயே பழுத்துக்கொண்டிருக்கிறது. இவற்றை எப்போது, எங்கே, யாரிடம், எவ்விதம் கேட்டுப் பெறுவது என்பதைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் திருவண்ணாமலை மாவட்டத்தவை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் மலைநாடுகள், 2019-இல் வேலூரினின்றும் பிரிக்கப்பட்ட திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கியவை. இதனை உதகையைப் போன்ற குளிர்ப் பிரதேசமாக எண்ணிக்கொண்டு வருவோர் ஏமாற்றம் அடைவார்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள இடம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரமே ஆகும். அந்த உயரத்தின் மிதமான சீதோஷ்ணத்தில் காரட்டையும் உருளைக்கிழங்கையும் தேடுவது வீண். புளி, பலா, சீத்தா, நெல்லி, சிறுதானியம், பயறு ஆகியவற்றையே தேட வேண்டும். குடிகளில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகவே அவர்களது பரம்பரைக் கதை கூறுகிறது. ஆகவே தமிழ்ப் பிரயாணிக்குத் துபாஷி எவரும் அவசியமில்லை. வாய் திறந்து மரியாதையாகக் கேட்டாற் போதும்.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்தே எதை உண்ணலாம் என்பது அமையும். தை தொடங்கிப் பங்குனி வரையில் புளி உலுக்கும் காலம். வைகாசி முதல் ஆடி வரையில் பலா. ஆனி, ஆடி மழையைக் கண்டு சாமை விதைப்பார்கள். அது ஐப்பசி, கார்த்திகையில் களத்துக்கு வரும். இடைப்பட்ட ஆவணி, புரட்டாசி மாதங்களில் சீத்தாப்பழம் கூடைகூடையாகச் சாலையோரத்துக்கு வந்துவிடும். நெல்லிக்காய் பனிக்காலத்தது. ஜனங்கள் பெருந்திரளாக மலைக்கு வருவது ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடைபெறும் சமயத்தில்தான் என்றாலும், அப்போது வீட்டில் இருக்கும் சாமை சென்ற ஆண்டின் மிச்சம். புதுச் சாமையின் மணத்தையும் அதன் இலேசான இனிப்பையும் அறிய விரும்புகிறவர் கார்த்திகை, மார்கழியில் போவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். பலாப் பிரியர்கள் மட்டும் இதற்கு உடன்பட மாட்டார்கள்.

சாமையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இம்மலையின் ஆகாரத்துக்கு அதுவே ஆதாரம். சரிவான மேட்டு நிலத்தில், பாசனம் எதுவுமின்றி, வானம் பார்த்து விளைகின்ற பயிர் அது. நெல்லுக்கு உமி எப்படியோ அப்படியே சாமைக்கும் கெட்டியான மேல்தோல் உண்டு. ஆனால் மணி கடுகை விடச் சற்றே பெரியதாக இருப்பதால், அந்தத் தோலை நீக்குவது நெல் குத்துவதைக் காட்டிலும் பன்மடங்கு சிரமமான காரியம். புதூர்நாட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் அவ்வேலையை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். வெயிலில் நன்றாகக் காய்ந்த சாமையைக் கல்லுரலில் இட்டு, மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒரு சுற்றுக் குத்தியதும் முறத்தில் அள்ளிப் புடைத்து உமியைப் பறக்கவிட்டு, மீண்டும் உரலில் கொட்டிக் குத்தி, மீண்டும் புடைத்து, பின்பு முறத்தைச் சாய்த்துப் பிடித்துக் கொழித்து, தோல் நீங்காத மணியை ஒரு பக்கமும் நொய்யை ஒரு பக்கமுமாக நாவிப் பிரித்தார்கள். அதன் பிறகும் நீரில் களைந்து கல் அரிக்கும் வேலை பாக்கியிருந்தது. "நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா காலையிலயே குத்தி வெச்சிருப்பேன் சாமி, இப்ப குத்தி எப்ப ஆக்கறது?" என்று அந்த மாமியார், தற்செயலாக அங்கு வந்து சாமைச் சோறு கேட்ட வெளியூர்க்காரர் ஒருவரிடம் சொன்னார். அவர் குரலில் மறுப்பு இல்லை. வந்தவரைப் பசியோடு அனுப்ப நேர்கிறதே என்ற வருத்தமே இருந்தது.

இந்த வழிகாட்டியின் முக்கியமான விதி அந்த அம்மாளின் வாக்கிலேயே அடங்கியிருக்கிறது. முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஜமுனாமரத்தூரில் அறை எடுக்கும்போதே விடுதிக்காரரிடமோ, மகளிர் சுய உதவிக் குழுவினரிடமோ, ஊரில் பழக்கமான வீட்டாரிடமோ, நாளை மத்தியானத்துக்கு இத்தனை பேர், சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும் வேண்டும் என்று சொல்லி, விலையையும் அப்போதே பேசி, முன்பணமும் கொடுத்துவிடுவது நல்லது. இன்ன குழம்புதான் வேண்டும் என்று பட்டியல் கொடுப்பதைக் காட்டிலும், அந்த வாரத்தில் அவ்வீட்டில் எது இருக்கிறதோ அதையே சமைக்கச் சொல்வது மேல். மழைக்காலமாயின் கொல்லையில் தானாக முளைத்த பண்ணைக்கீரையோ தொய்யக்கீரையோ கடைந்து வரும். தை மாதமாயின் பச்சை மொச்சைக் குழம்பு வரும். கேழ்வரகுக் களி எப்போதும் உண்டு. களியைப் பல்லில் மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்கும் பழக்கம் நகரத்துக் குழந்தைகளுக்கு இராது. அவர்களுக்குச் சாமைக் கஞ்சியே ஏற்றது. சாமைச் சோறு ஆறினால் உதிரியாகிச் சற்று விறைத்துப்போகும். ஆகையால் இறக்கிய சூட்டில் உண்ணும்படி நேரம் தவறாமல் போய்ச் சேர வேண்டும்.

வீட்டுக்கு வாங்கிச் செல்ல விரும்புகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது நிறம். இயந்திரத்தில் மிதமிஞ்சித் தீட்டிய சாமை வெள்ளை வெளேரென்று இருக்கும். அதன் தவிடு போய்விட்டது, தவிட்டோடு நார்ச்சத்தும் கொழுப்பும் ருசியும் போய்விட்டன. கையால் குத்தியதோ, தோல் மட்டும் நீக்கியதோ சற்றுப் பழுப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். அதையே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது ஆயுள். தோலோடு இருக்கும் சாமையைத் தொம்பையில் கொட்டி வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. பஞ்ச காலத்தில் மலைக்குடிகளைக் காத்தது அந்தக் குணமே. தோல் நீக்கிய அரிசியோ, தவிட்டில் உள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குவதால், இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் நிற்காது. ஆகவே ஆசைப்பட்டு மூட்டையாக வாங்காமல் குடும்பத்துக்கு ஓரிரு மாதம் போதுமான அளவே வாங்குவது விவேகம். சமைக்கும்போது களைந்து, கல் அரித்து, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டால் பக்குவமாக வரும்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும், திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் ஏடிஎல்-1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டதும் சாமைக்குப் பட்டணத்தில் மதிப்பைக் கூட்டியிருக்கின்றன. ஆனால் மலைவீட்டின் அன்றாட இலையில் ரேஷன் அரிசி சாமையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. உலக்கை பிடிக்கும் உழைப்பை நேரில் பார்த்தவர் எவரும் இதற்காக அப்பெண்களைக் குறைகூற மாட்டார். உமி நீக்கும் இயந்திரம் அருகில் உள்ள ஊர்களில் சாமையை வீட்டுக்கு உண்பதும் எளிதாகிறது, விருந்தினருக்குச் சமைப்பதும் எளிதாகிறது. ஊருக்கு ஓர் இயந்திரம் என்று கொடுப்பது சிறுதானிய விழாக்கள் பலவற்றை நடத்துவதிலும் பயனுள்ள காரியம்.

இனித் தேன். ஜவ்வாது மலைத் தேன் என்ற பெயருக்கு இருக்கும் கிராக்கியைக் கண்டு, சர்க்கரைப் பாகைப் புட்டியில் அடைத்து அப்பெயரையே ஒட்டி விற்பவர்களும் நெடுஞ்சாலைகளில் இருக்கிறார்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது முதலிய சோதனைகள் ஊரெங்கும் பிரசித்தமாக இருந்தாலும், அவற்றில் ஒன்றையும் நம்புவதற்கில்லை. கெட்டியான பாகும் அவற்றில் தேறிவிடும், ஈரப்பசை மிகுந்த நல்ல காட்டுத் தேனும் தோற்றுவிடும். தேனைச் சோதிப்பதைவிடத் தேன் வந்த வழியை விசாரிப்பதே தக்க முறை. எந்தத் தேன் என்று கேளுங்கள். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய அடையாகக் கட்டுவது மலைத்தேன். புதரில் சிறு கிளையைச் சுற்றிக் கட்டுவது கொம்புத்தேன். மரப் பொந்தில் அடுக்கடுக்காக இருப்பது பொந்துத்தேன். கொடுக்கில்லாத சிறு ஈக்கள் சேர்ப்பது கொசுத்தேன், அது கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். உண்மையில் எடுத்தவராயின், எந்த மாதத்தில், எந்தப் பூ பூத்திருந்தபோது, எந்தப் பக்கத்துக் காட்டில் எடுத்தார் என்பதைத் தடுமாறாமல் சொல்வார். மலைத்தேன் பாகுபோல் கெட்டியாக இராமல் நீர்த்திருப்பதும், சில நாட்களில் நுரை கட்டுவதும் குற்றமல்ல. குளிரில் உறைந்து சர்க்கரைபோல் ஆவதும் குற்றமல்ல. புட்டியில் அடைத்ததாயின் அடைத்தவர் பெயர், தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனையும் நாக்கில் தடவக் கூடாது. அதனால் விஷநோய் உண்டாகக்கூடும்.

புளியை வாங்குவோர் கொட்டை எடுத்ததா, நார் எடுத்ததா என்று பிரித்துக் கேட்க வேண்டும். விலை வித்தியாசம் முழுவதும் அந்த வேலைக்கான கூலியே. புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். நாளாக ஆகக் கறுக்கும். கடுக்காயும் நெல்லியும் காட்டுப் பொருள்களாக இங்கே நிறையச் சேகரிக்கப்படுகின்றன. பலாவைப் பொறுத்த மட்டில், முட்கள் விரிந்து மழுங்கி, தட்டினால் ஓசை மந்தமாகி, காம்பருகே மணம் எழுந்த பழத்தை விற்கிறவரையே அறுத்துத் தரச் சொல்லி, சுளையை அங்கேயே உண்பது சிறந்தது. முழுப் பழத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவோர் பெரும்பாலும் அதை வழியிலேயே மிகப் பழுக்க விட்டுவிடுகிறார்கள். கொட்டையை மட்டும் கழுவி உலர்த்தி எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு என் விடை இதுவே. காட்டு விளைபொருளாயின், மலைவாழ் மக்களுக்கென அமைந்துள்ள பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தை, அதாவது லேம்ப் சங்கம் என்று மலையில் சொல்லப்படுவதை, முதலில் விசாரிக்க வேண்டும். சாமையும் கேழ்வரகுமாயின் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையும் மகளிர் குழுக்களையும் விசாரிக்க வேண்டும். பழமாயின் சாலையோரத்தில் கூடை வைத்திருக்கும் விவசாயியிடமே வாங்கிவிடலாம். மலையில் இவற்றைத் தவறவிட்டவர், இறங்கும்போது போளூர், செங்கம், ஆலங்காயம், திருப்பத்தூர் ஆகிய அடிவார ஊர்களின் சந்தைகளில் தேடலாம். மலைச் சரக்கு வெகுகாலமாக இறங்கி வருமிடங்கள் அவையே. நம் நாட்டில் விளைவித்தவரையும் உண்பவரையும் நேருக்கு நேர் நிறுத்த 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நகரத்தாருக்குப் பெரிய சௌகரியம் செய்தது. ஜப்பானியர் 1993 முதல் நெடுஞ்சாலைகளில் ஏற்படுத்தி வரும் நிலையங்களில், பிரயாணி இளைப்பாறும் இடத்திலேயே அவ்வூர் விவசாயிகளின் காய்கனிகள், பல இடங்களில் விளைவித்தவரின் பெயரோடு, விற்பனைக்கு இருக்கின்றன. போளூர்ச் சாலையிலும் ஆலங்காயச் சாலையிலும் மலையேற்றம் தொடங்கும் இடத்தில் அத்தகைய ஒரு கொட்டகை எழுமானால், இந்த அத்தியாயத்தில் பாதியை எழுத வேண்டிய அவசியமே இராது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு படி சாமைக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கும் முன், அப்பத்து ரூபாய் மலையில் என்னவாகிறது என்று பிரயாணி எண்ணிப் பார்க்க வேண்டும். விளைச்சலுக்கு விலை கிடைக்காத காரணத்தால் இம்மலையின் ஆண்கள் ஆண்டின் பல மாதங்களை வெளியூர்களில் கூலிவேலையில் கழிக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீசாரால் சுடப்பட்டு இறந்த 20 பேரில் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரு பிரயாணி வாங்கும் இரண்டு படி சாமை அந்தத் துயரத்தைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மலையிலேயே இருந்து மலையில் விளைந்ததை விற்றுப் பிழைக்க முடியும் என்ற நிலை ஏற்பட வேண்டுமானால், வாங்குகிறவர் நியாயமான விலை கொடுத்தே ஆக வேண்டும். ஆகையால் மலையில் பேரம் பேசாதீர்கள்.

செய்யத் தகாதவற்றுள் மிக முக்கியமானது காட்டு மாமிசம் கேட்பது. காட்டுப் பன்றியும் முயலும் கிடைக்குமா என்று இரகசியமாக விசாரிக்கும் பிரயாணிகள் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். உங்கள் ஆசைக்காகச் சிறைக்குப் போகிறவர் உங்களுக்கு வழிகாட்ட வந்த ஏழையாக இருப்பார். அசைவம் வேண்டுவோர் நாட்டுக்கோழிக்குச் சொல்லி வைக்கலாம். அதற்கும் ஒரு நாள் அவகாசம் தேவை. காட்டில் தொங்கும் நெல்லியையும் சீத்தாவையும், யாருடையதோ என்ற நினைவின்றிப் பறிப்பதும் தகாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலின் மீது காட்டில் வாழும் பழங்குடிகளுக்கு உரிமையை அங்கீகரித்திருக்கிறது. பிரயாணிக்கு அந்த உரிமை இல்லை. சாமை காயும் களத்தில் செருப்போடு ஏற வேண்டாம். உரலில் குத்துகிறவர்களைப் படம் பிடிக்குமுன் அனுமதி கேளுங்கள்.

பருத்திப் பைகள் இரண்டும், மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா ஒன்றும், தேனுக்கு வாயகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மலைக்கிராமங்கள் பலவற்றில் செல்பேசித் தொடர்பு நிச்சயமில்லாததால் சில்லறை நோட்டுகளும் கையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்தபின் மழையினாலோ வண்டிக் கோளாறினாலோ உங்களால் போக முடியாமற் போகுமானால், எப்படியாவது அவ்வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். உங்களுக்கென்று குத்தி வைத்த சாமைக்கு உரிய பணத்தையும் தவறாமல் சேர்ப்பித்துவிடுங்கள்.